தொண்ணூறுக்குப் பிரெஞ்சில் இரண்டு பெயர்

தொண்ணூற்றேழைப் பாரீஸ்காரர் ‘கத்ர்-வேன்-திசெத்’ என்பார். நாலு இருபது, பத்து, ஏழு என்று கூட்டிக்கொள்ள வேண்டும். ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் பிரஸ்ஸல்ஸ் போய்விடலாம். அங்கே அதே எண் ‘நொனாந்த்-செத்’, தொண்ணூறு ஏழு, அவ்வளவுதான். எழுபதிலும் இதே பிளவு: பாரீஸில் ‘சுவாசாந்த்-தீஸ்’ (அறுபது பத்து), பிரஸ்ஸல்ஸில் ‘செப்தாந்த்’.

பெல்ஜியத்தின் வழக்கைக் கொச்சை என்று நினைப்பவர்கள் உண்டு. வரலாறு வேறு சொல்கிறது. எழுபதுக்கு லத்தீனில் ‘செப்துவாகின்தா’, தொண்ணூறுக்கு ‘நொனாகின்தா’. இவற்றின் நேர் வாரிசுகளே செப்தாந்தும் நொனாந்தும். இத்தாலியின் ‘செத்தாந்தா’வும் அதே குடும்பம். முப்பது முதல் அறுபது வரை பாரீஸும் இந்த லத்தீன் வரிசையில்தான் எண்ணுகிறது. அதன் பிறகே வழி மாறுகிறது.

இருபது இருபதாக எண்ணுவது இடைக்காலப் பிரான்சில் பரவலான வழக்கம். ஒன்பதாம் லூயி 1260 வாக்கில் பாரீஸில் 300 பார்வையற்றோருக்காக ஓர் இல்லம் நிறுவினார். அதன் பெயர் ‘கேன்ஸ்-வேன்’, அதாவது பதினைந்து இருபது. இன்று அது கண் மருத்துவமனை, பெயர் மாறவில்லை. மொலியேரின் 1668ஆம் ஆண்டு நாடகம் ‘லாவார்’இல் நூற்றிருபதைக் குறிக்க ‘சி-வேன்’ (ஆறு இருபது) வருகிறது. இந்த வழக்கத்தின் மூலம் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவில்லை. கெல்டிக் மொழியான பிரெத்தோனில் எண்பது ‘நாலு இருபது’தான், பாஸ்க், டேனிஷ் மொழிகளிலும் அப்படியே. இவற்றில் எது பிரெஞ்சுக்குக் கொடுத்தது, அல்லது எதுவுமே கொடுக்கவில்லையா என்ற வாதம் நீள்கிறது.

ஆனால் எது நிலைத்தது, ஏன் நிலைத்தது என்பதற்கு அச்சிட்ட சான்று இருக்கிறது. 1635இல் பிரெஞ்சு அக்காதெமி உருவானபோது அதன் தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவர் கிளோத் ஃபாவ்ர் த வோஜ்லா. 1647இல் அவர் பிரெஞ்சு வழக்கு பற்றிய குறிப்புகளை நூலாக வெளியிட்டார். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பைக் குறிக்கும் இடம் தவிர வேறெங்கும் செப்தாந்த் பிரெஞ்சே அல்ல என்று அதில் தீர்ப்பளித்தார். எண்பதைக் குறித்த ஒக்தாந்துக்கும், நொனாந்துக்கும் அதே கதி. எண்ணுவதற்கு எது எளிது என்று அவர் கேட்கவில்லை. அரசவையின் சிறந்த பகுதியினர் பேசுவதும், அக்காலத்தின் நல்ல எழுத்தாளர் எழுதுவதும் எங்கே பொருந்துகிறதோ அதுவே நல்வழக்கு என்பது அவர் கொள்கை. இத்தனைக்கும் அவர் பிறந்த ஊர் மெக்ஸிமியோ, அப்போது பிரான்சில் இல்லை. 1601 வரை சவோய் சிற்றரசின் நிலம். எல்லைப்புறத்து மனிதர் ஒருவர் தலைநகரின் நாக்கையே சட்டமாக்கினார். பள்ளியும் அகராதியும் அந்தச் சட்டத்தைப் பின்னர் ஊர்தோறும் கொண்டுபோயின. எண்ணுமுறையின் தகுதியைவிட, அதைப் பேசியவர்களின் இடமே இங்கே வென்றது என்பதில் ஐயமில்லை.

பழைய கணக்கின் தழும்பு எழுத்துக்கூட்டலிலும் தெரிகிறது. எண்பதில் ‘வேன்’ என்பதற்குப் பன்மை எழுத்து உண்டு. எண்பத்தொன்றில் அது விழுந்துவிடும். எழுபத்தொன்றில் ‘உம்’ வரும், தொண்ணூற்றொன்றில் வராது. பிரெஞ்சு பழகும் மாணவர் தடுமாறும் இடங்கள் இவை.

பாரீஸின் ஆணை பிரான்சின் எல்லைக்கு வெளியே முழுதாகச் செல்லவில்லை. பெல்ஜியம் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் பழம்பெயரை வைத்துக்கொண்டு, எண்பதில் மட்டும் பாரீஸோடு சேர்ந்துகொண்டது. சுவிட்சர்லாந்தின் வோ, வாலே, ஃப்ரிபூர் மாநிலங்களில் எண்பது ‘உயிதாந்த்’. பக்கத்து ஜெனீவாவில் அது ‘கத்ர்-வேன்’.

காலனி ஆட்சி இந்தப் பிரிவினையைக் கப்பலேற்றியது. பெல்ஜியம் ஆண்ட கின்ஷாசாவில் செப்தாந்த். பிரான்ஸ் ஆண்ட டக்கார், அபிஜான், புதுச்சேரி வகுப்பறைகளில் சுவாசாந்த்-தீஸ்.