யூத மகளிரும் நோன்பு விலக்கும்

யூதர்தம் நோன்புகளுள் தலையாயது, திஷ்ரித் திங்கள் 10-ஆம் நாள் நோற்கப்பெறும் யோம் கிப்பூர் என்னும் பாவநிவாரண நாளாம். காலவரையறையுடைய விதிகள் பலவற்றினின்று மகளிரை விலக்கிய அந்நூலோர், இந்நோன்பை இருபாலார்க்கும் ஒப்ப விதித்தனர். ஆயினும், இறைவன் விதி மக்கள் வாழ்தற்பொருட்டே என்னுங் கருத்தால், உயிரோம்புதலை நோன்பினும் மேலாகக் கொண்டனர்.

கி. பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற மிஷ்னா, உணவின் மணத்தால் வேட்கையுற்று வருந்துங் கருவுற்றாளுக்கு, அவள் தேறுமளவும் உணவூட்டுக என்கின்றது. யோசேப்பு காரோ இயற்றி, 1565-இல் வெனிசு நகரில் அச்சேறிய சுல்ஹான் ஆரூக்கோ, மகப்பெற்ற 3 நாள்வரை தாய் நோற்றல் ஆகாதென்றும், அதன்பின் 7 நாள்வரை உணவு வேண்டுமென அவள் கூறின் ஊட்டுக என்றும் வகுத்தது. சிறு நோன்புகளினின்று கருவுற்றாரும் பாலூட்டுவாரும் விலக்கப்பெற்றனர்.

ஆடவர் வகுத்த அந்நூலிலும், தாயின் வருத்தத்திற்கு அவள் சொல்லே சான்றாயிற்று. அவள் உண்டது விதியை மீறியதன்று. விதிவழி நின்றதேயாம் என்க.