உடுவில் முதல் கண்டி வரை: கிறித்தவ மாதர் கண்ட பெண்மை

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசரையும் போரையும் சட்டத்தையும் முதன்மையாகக் கொள்வதே வழக்கமாகும். இல்லத்தினுள் வாழ்ந்த பெண்டிர் தம் காலத்தைப் பற்றி யாது எண்ணினர் என்பது ஏடுகளில் அருகியே காணப்படுகின்றது. சென்ற இரு நூற்றாண்டுகளில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அவ்வெண்ணங்களை எழுத்திற் பொறித்தும் மேடையில் உரைத்தும் சென்றவருட் கிறித்தவ மாதர் குறிப்பிடத்தக்கோர் ஆவர். ஆயினும், அவர் சமயம் மாறியோர் அல்லது மாறியோர் வழிவந்தோர் அல்லது கடல் கடந்து வந்தோர் ஆதலின், அவர் கூற்றைச் சைவ உலகம் நெடுங்காலம் ஐயத்துடனேயே நோக்கிற்று. சமயத்தைத் துறந்தவள் பண்பாட்டையும் துறந்தவளே என்னும் கருத்து வலுப்பெற்றிருந்தது. இக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதை வரலாற்றுச் சான்று கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்க மிசனார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் தம் பணியைத் தொடங்கினர். அவர்தம் பாடசாலைகளுக்கு ஆண் பிள்ளைகள் வந்தனர். பெண் பிள்ளைகளை அனுப்புவார் இலர். எழுத்தறிவு ஆடல் மகளிர்க்கு உரியது, குலமகளிர்க்கு ஆகாது என்னும் எண்ணம் நிலவிய காலம் அது. அந்நிலையில் 1824ஆம் ஆண்டில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலிற் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை ஒன்றை நிறுவினார். தமிழ்–ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்ட மிரன் வின்ஸ்லோ பாதிரியாரின் மனைவியார் இவர். 1833ஆம் ஆண்டு தைத் திங்களில் இவர் இறந்தபோது பாடசாலைக்கு வயது பத்தேனும் நிரம்பவில்லை. 1840இல் வந்து சேர்ந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறக்குறைய நாற்பது ஆண்டு அப்பாடசாலையை நடத்தினார். அவ்விடைக்காலத்தில் அவர் ஒருமுறையேனும் தம் தாயகம் சென்றாரல்லர். தாயும் மகளும் மகளின் மகளும் அவரிடம் கற்ற குடும்பங்கள் இருந்தன. மணம் புரியாத அவ்வம்மையாரை ஆயிரம் புதல்வியரின் தாய் என மக்கள் போற்றினர்.

இப்பணியின் சிறப்பைக் கூறுங்கால் அதன் குறையை மறைத்தல் முறையன்று. கல்வி அங்கே மதமாற்றத்துக்குக் கருவியாகவே முதலிற் கருதப்பட்டது. பொருளுதவி செய்த அமெரிக்கரின் பெயர்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடப்பட்டன. வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற கிறித்தவ இளைஞருக்குத் தக்க மனைவியரை ஆக்கித் தருதல் உடுவிலின் நோக்கங்களுள் ஒன்றாய் இருந்தது. கற்று முடித்துக் கிறித்தவரை மணந்த பெண்ணுக்கு ஆரம்ப காலத்தில் மிசனாரே சீதனமும் வழங்கினர். சீதனமின்றிப் பெண்ணுக்கு வாழ்வில்லை என்னும் வழக்கத்தை மாற்ற முயலாது, அதனையே துணையாகக் கொண்டு பெண்களைப் பாடசாலைக்கு ஈர்த்தனர் என்பது இதனாற் புலனாகும். பழைய கட்டொன்று அவிழ, அதனிடத்திற் புதிய கட்டொன்று அமைந்தது என்றே கூறவேண்டும்.

ஆயின், கல்வி கொடுத்தோரின் நோக்கமும் கல்வி பெற்றோரின் நோக்கமும் எக்காலத்தும் ஒன்றாய் அமைவதில்லை. எழுத்தறிந்த பெண், தனக்குக் கற்பிக்கப்பட்ட நூலோடு நின்றுவிடுவாளல்லள். இவ்வுண்மையை விளக்குதற்கு இந்தியக் கிறித்தவ மாதர் இருவரின் வாழ்க்கை சான்றாகும். ஒருவர் சென்னையில் வாழ்ந்த கிருபாபாய் சத்தியநாதன். பிராமண குலத்தினின்று கிறித்தவரான பெற்றோருக்கு 1862இற் பிறந்த இவர், 1878இற் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். உடல்நலக் குறைவாற் படிப்பைத் தொடர இயலவில்லை. பின்னர் ஆங்கிலத்திற் சகுணா, கமலா என்னும் இரு நாவல்களை எழுதி, 1894இல், முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். முன்னைய நூல் கிறித்தவக் குடும்பத்துப் பெண்ணின் வளர்ச்சியையும், பின்னையது இந்துக் குடும்பத்துப் பெண்ணின் இளமை மணத்தையும் கைம்மையையும் பற்றியன. இந்துப் பெண்ணின் துயரை எழுதுங்கால் அவளை இழிவுபடுத்தாமையும், மேனாட்டு மிசன் மாதர் சிலரின் செருக்கைக் கண்டிக்கத் தயங்காமையும் இவர்தம் எழுத்தின் இயல்புகளாம்.

மற்றவர் பண்டிதை இரமாபாய். 1858இற் பிறந்து வடமொழி நூல்களைத் தந்தையாரிடமும் தாயாரிடமும் கற்ற இவர், 1883இல் இங்கிலாந்திற் கிறித்தவரானார். ஆயினும் தமக்கு அடைக்கலம் தந்த ஆங்கிலக் கன்னியரின் சொல்லை ஆராயாது ஏற்க அவர் உடன்படவில்லை. புலாலுண்ண மறுத்தார், திருச்சபைக் கோட்பாடுகளைப் பற்றி வினாக்கள் எழுப்பிக் கடிதங்கள் வரைந்தார். 1889இற் பம்பாயிற் கைம்பெண்களுக்கெனச் சாரதா சதனத்தை நிறுவினார். பிறந்த சமயத்தின் ஆடவரிடம் எக்கேள்வியைக் கேட்டாரோ, அக்கேள்வியையே புகுந்த சமயத்தின் தலைவரிடமும் அவர் கேட்டார் என்பது கருதற்பாலது. சமயம் மாறியும் பண்பாடு மாறாதிருத்தல் கூடும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று பகர்கின்றது.

இலங்கையில் இவ்வுண்மையை வேறொரு வகையால் நிலைநாட்டியவர் டாக்டர் மேரி இரத்தினம் ஆவார். கனடாவில் 1873இற் பிறந்து மருத்துவம் கற்ற இவர், 1896இல் யாழ்ப்பாணத்து இணுவில் மருத்துவமனைப் பணிக்கென வந்தார். கிறித்தவத் தமிழரான எஸ். சி. கே. இரத்தினம் என்பாரை அவர் மணந்தமையை மிசனார் விரும்பவில்லை; அதனால் அப்பணியை அவர் தொடர இயலாது போயிற்று. ஆன்மாக்கள் யாவும் கடவுள் முன் சமம் எனப் போதித்தோர், ஒரு தமிழரும் ஒரு வெள்ளையரும் மணவறையிற் சமமாதலைப் பொறுத்திலர். அவ்வம்மையாரோ நாட்டை விட்டு நீங்கினாரல்லர். கொழும்பில் மருத்துவம் புரிந்து, 1930இற் கிராமப் பெண்களுக்கென இலங்கை மகளிர் சமிதியைத் தோற்றுவித்து, 1958இல் மக்சேசே விருது பெற்று, 1962இல் மறைந்தார்.

சைவ மக்களும் வாளாவிருந்தாரல்லர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டிற் சைவப் பெண்களுக்கென மருதனார்மடத்திற் கல்லூரி நிறுவினார். மேனாட்டிற் பிறந்து சைவத்தைத் தழுவிய அவர்தம் மனைவியார் லீலாவதி அம்மையார் அக்கல்லூரியின் வளர்ச்சிக்குப் பெரிதும் உழைத்தார். உடுவிலுக்கு அயலிலேயே அது எழுந்தமை தற்செயலன்று. கிறித்தவ மாதர் தொடங்கிய பணி, அவரோடு மாறுபட்டோரையும் அதே பணியிற் புகச் செய்தது எனலாம்.

ஆயின் கல்வி வேறு, உரிமை வேறு என்பதை அடுத்த நிகழ்ச்சி காட்டிற்று. 1927ஆம் ஆண்டில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபொழுது, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி மாதர் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. டாக்டர் மேரி இரத்தினம் அதில் ஈடுபட்டுழைத்தார். அதன் செயலாளராய் இருந்தவர், கிறித்தவ மரபினரான பறங்கியர் சமூகத்திற் பிறந்து, கண்டியில் வாழ்ந்த அக்னெஸ் டி சில்வா அம்மையார். பெண்களுக்குக் கல்லூரி கண்ட இராமநாதனே பெண்களுக்கு வாக்குரிமை வழங்குதலை எதிர்த்து நின்றமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

ஆணைக்குழுவின் முன் அம்மாதர் தோன்றியபோது, தோட்டங்களிற் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமோ என அவரிடம் வினவப்பட்டது. அவரும் பெண்களே ஆதலின் அவர்க்கும் வேண்டும் என்பதே அக்னெஸ் டி சில்வா அம்மையாரின் விடை. கற்றோருக்கும் செல்வருக்கும் மட்டும் உரிமை கேட்டிருப்பின் அவர் வேலை எளிதாயிருக்கும். கொழுந்து கூடையைத் தலையிற் சுமந்து கண்டி மலைச்சாரலில் ஏறியிறங்கிய பெண்ணையும் தம்மோடு நிகராக எண்ணியமையே அவ்விடையின் பெருமை. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் வாக்கு அளிக்கலாம் என ஆணைக்குழு கருதிற்று. ஆயின் 1931இல் நடைமுறைக்கு வந்த அரசியற்றிட்டம் இருபத்தொரு வயதெய்திய ஆண் பெண் இருபாலார்க்கும் அவ்வுரிமையை வழங்கிற்று. தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் அதனை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் அதன் பின்வந்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் இழந்தனர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. அம்மையார் ஒரு சொல்லிற் கூறியதைச் சட்டம் ஏற்று முடிப்பதற்கு முக்கால் நூற்றாண்டு சென்றது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குங்கால் ஓர் உண்மை புலப்படுகின்றது. கிறித்தவ மாதர் இருமுனைப்பட்ட நெருக்கத்தில் நின்றனர். ஒருபுறம், அந்நியர் சமயத்தைக் கொண்டோர் எனச் சுற்றத்தார் ஒதுக்கினர்; மறுபுறம், தாம் வகுத்த வரம்பைக் கடக்கலாகாது எனத் திருச்சபையார் தடுத்தனர். இருசாராரும் பெண்மை இன்னதென அவர்க்கு வரையறுத்துக் கூற முற்பட்டனர். அவருட் சிறந்தோர் இருசாராரிடமும் கற்பன கற்று, விடுவன விட்டு, தம் அறிவுக்கும் மனச்சான்றுக்கும் பொருந்தியதைக் கொண்டனர். பண்பாடு என்பது உடைமைப் பத்திரம் போன்று ஒரு சமயத்தார் கையில் மட்டும் இருப்பதன்று. அதனைப் பேணுவோர் யாவர்க்கும் அது உரியது.

1952ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பினின்று பேராதனைக்குப் பெயர்ந்தது. உடுவில் மாணவியும் மருதனார்மடத்து மாணவியும் ஒரு விடுதியிற் தங்கி, ஒரு நூலகத்திற் கற்கும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று. குறிஞ்சிக்குமரன் கோயிலும் கிறித்தவ ஆலயமும் பௌத்த விகாரையும் பள்ளிவாசலும் ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. அங்கிருந்து அண்ணாந்து நோக்கின் அந்தானை மலைச்சாரலின் தேயிலைத் தோட்டங்கள் தோன்றும். உடுவிற் பாடசாலை தோன்றி இருநூறு ஆண்டுகள் நிறைவெய்திவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகளுள் அவ்வளாகத்தை அடைவோரோ இன்றும் சிலரே. ஆணைக்குழுவின் முன் கேட்கப்பட்ட வினா வாக்குரிமையைப் பொறுத்தமட்டில் முடிவெய்தியது. கல்வியைப் பொறுத்தமட்டில் அது இன்னும் விடையை எதிர்நோக்கியே நிற்கின்றது. அவ்விடையைக் கூறும் கடமை, எச்சமயத்தவராயினும், கற்றோர் யாவர்க்கும் உரியதாம்.