ராஜு இன்னும் புறப்படவில்லை

2024 ஜூலையில் "இந்தியன்" படத்தின் இரண்டாம் பாகம் வெளிவந்த மறுநாள் காலை, கும்பகோணம் பெரிய தெருவில் ஒரு காப்பிக் கடை வாசலில் மாமாவும் நானும் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் நாலைந்து வாலிபர்கள். முதல் நாளே படம் பார்த்துவிட்டவர்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. கலியாணப் பந்தியில் உட்கார்ந்து சாம்பாரில் உப்பில்லை என்று கண்டுபிடித்தவர்களின் முகம் அது.

"முதல் பாகம் தொண்ணூத்தாறுலே வந்தது. இருபத்தெட்டு வருஷம் காக்க வெச்சுட்டு இதையா குடுக்கணும்?" என்று ஒருவன் பொருமினான்.

"கடைசியிலே மூணாம் பாகத்துக்கு ஒரு துண்டு காட்டினாங்களே, அது நல்லா இருந்துச்சுடா" என்று இன்னொருவன் சமாதானம் சொன்னான்.

பொருமிய பிள்ளை 1996-ல் பிறந்தே இருக்கமாட்டான். ஆனாலும் அவன் வருத்தம் பொய் வருத்தம் அல்ல. காத்திருப்பதும் ஒருவகைப் பிதுரார்ஜிதம்தான்.

மாமா டபராவைக் கீழே வைத்தார். "தம்பி, இருபத்தெட்டு வருஷமெல்லாம் ஒரு கணக்கா? நான் அம்பத்தோரு வருஷமா ஒரு ரெண்டாம் பாகத்துக்குக் காத்துக்கிட்டிருக்கேன்."

"எந்தப் படம் தாத்தா?"

"கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு."

ஒருவன் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு படமே வரலையே?" என்றான்.

"அதைத்தானே சொல்றேன்" என்றார் மாமா.

மாமா என் தாயாருக்கு இளையவர். நாற்பது வருஷம் ஓர் அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். யாரிடமும் ஒரு பைசா பாக்கி விடாத மனிதர். இந்த ஒரு பாக்கியை மட்டும் அவரால் வசூலிக்க முடியவில்லை. அது என்ன பாக்கி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எனக்கும் இதில் கொஞ்சம் சுயநலம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

"அப்புறம்?" என்று கேட்பது சினிமா கொண்டுவந்த வியாதி அல்ல. எங்கள் ஜில்லாவில் ஹரிகதை செய்தவர்கள் மங்களம் பாடுமுன் நாளைய கதையைக் கோடி காட்டாமல் எழுந்திருக்கமாட்டார்கள். மறுநாளும் பந்தல் நிறைய வேண்டுமே! சினிமா வந்தபோது இந்தத் தந்திரமும் கூடவே வந்து சேர்ந்துகொண்டது. திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் இயந்திரத்தை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். அடுத்த பத்துப் பதினைந்து வருஷங்களில் அமெரிக்கச் சண்டைத் தொடர்கள் நம் நாட்டுக்கு வந்து இறங்கின. 1915-ல் எடுக்கப்பட்ட "உடைந்த நாணயம்" என்ற தொடர் 22 பாகம். அதில் தோன்றிய எட்டி போலோ என்ற சர்க்கஸ்காரருக்கு நம் ஊர்த் தரை டிக்கெட்டில் இருந்த செல்வாக்கு, பின்னால் வந்த பல உள்ளூர் நட்சத்திரங்களுக்குக்கூட வாய்க்கவில்லை. ஊமைப் படமானதால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்லுவார். இந்த மாதிரித் தொடர்களில் கதாநாயகனை மலை விளிம்பிலோ தண்டவாளத்திலோ விட்டுவிட்டுப் பாகத்தை முடித்துவிடுவது வழக்கம். அவன் பிழைத்தானா என்பது அடுத்த வாரம். அதற்கு இன்னொரு டிக்கெட்!

பிறகு பம்பாயில் வாடியா சகோதரர்கள் "ஹண்டர்வாலி" எடுத்தார்கள். 1935-ல் நாடியா என்ற பெண்மணி முகமூடியும் சவுக்குமாக வந்து ஆண்பிள்ளைகளைத் தூக்கி எறிந்தாள். எட்டு வருஷம் கழித்து, 1943-ல், "ஹண்டர்வாலியின் மகள்" வந்தது. தாய் சம்பாதித்த பெயரை மகள் செலவழிக்கிற வழக்கம், எனக்குத் தெரிந்தவரை, நம் நாட்டுச் சண்டைப் படங்களில் அங்கேதான் ஆரம்பமாகிறது.

தமிழில் இந்த வழக்கம் வேர்விடவில்லை. 1966-ல் "வல்லவன் ஒருவன்", 1970-ல் "சி.ஐ.டி. சங்கர்" என்று ஜெய்சங்கர் துப்பாக்கியும் கையுமாக ஓடினார், ஜனங்கள் அவரைத் தென்னாட்டு ஜேம்ஸ்பாண்ட் என்றார்கள். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பெயர், தனிக் கதை. நம்பர் போடாத தொடர் என்று வேண்டுமானால் சொல்லலாம். அசல் ஜேம்ஸ்பாண்டுக்காரர்கள் அப்படி இல்லை. 1963-ல் வந்த இரண்டாவது படத்தின் முடிவிலேயே அடுத்த படத்தின் பெயரை எழுத்தில் போட்டுவிட்டார்கள். 1977-ல் ஒரு வேடிக்கை நடந்தது. படத்தின் முடிவில் ஒரு பெயரைப் போட்டார்கள். அதே வருஷம் "ஸ்டார் வார்ஸ்" பணத்தைக் கொட்டவே, இவர்களுக்கும் ஆகாயத்தில் ஆசை வந்துவிட்டது. சொன்ன படத்தை ஒத்திவைத்துவிட்டு, 1979-ல் பாண்டை விண்வெளிக்கு அனுப்பினார்கள். சொன்ன படம் 1981-ல் வந்தது. தாமதமானாலும் வந்துவிட்டது, அதுதான் முக்கியம்.

இனி மாமாவின் பாக்கிக்கு வருகிறேன். அதற்கு முன் எம்.ஜி.ஆருக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்லிவிட வேண்டும். அவர் 1917-ல் இலங்கையில் கண்டிக்குப் பக்கத்திலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தவர். தகப்பனார் இறந்த பிறகு, தாயார் சத்தியபாமா இரண்டு ஆண் குழந்தைகளோடு வந்து சேர்ந்த ஊர் கும்பகோணம். ஆனையடிப் பள்ளியில் ஆரம்ப வகுப்புகள்; பிறகு வறுமையின் காரணமாக நாடகக் கம்பெனி. ஆகவே எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர் சினிமா நடிகர் மட்டும் அல்ல, படிப்பைப் பாதியில் விட்டுப் போன பள்ளிப் பிள்ளையும்கூட. "நம்ம ஆனையடிப் பையன்" என்று, அவரைவிட வயதில் சின்னவர்களே உரிமையோடு பேசிக் கேட்டிருக்கிறேன்.

1970-ல் ஜப்பானில் ஒஸாகா நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. மார்ச்சில் தொடங்கி செப்டம்பரில் முடிந்தது. ஆறு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அது மூடுவதற்குள் எம்.ஜி.ஆர். தம் குழுவோடு போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்தார். அதுதான் "உலகம் சுற்றும் வாலிபன்." தயாரிப்பும் டைரக்‌ஷனும் அவரே. மின்னலின் சக்தியைப் பிடித்து அடக்கத் தெரிந்த விஞ்ஞானி முருகன், அவனைத் தேடிக் கடல் கடந்து போகும் தம்பி ராஜு என்று இரண்டு வேஷம். ஜப்பானிலிருந்து வந்த பிலிம் திரைக்கு வருவதற்குள் தமிழ்நாடே புரண்டுவிட்டது. 1972 அக்டோபரில் அவர் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார், 17-ஆம் தேதி புதுக் கட்சி கண்டார். படம் வராது என்று பந்தயம் கட்டியவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்களாம். 1973 மே 11-ஆம் தேதி வந்தேவிட்டது. வாலிபனுக்கு அப்போது வயது 56. யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

மாமாவுக்கு அப்போது பதினேழு வயது. சாதாரணமாக "வணக்கம்" போடுமுன்பே ஜனங்கள் எழுந்து வாசலுக்கு நெருக்கிக்கொண்டு போவார்கள். இந்தப் படத்துக்கு மட்டும் உட்கார்ந்திருந்தார்களாம். காரணம், முடிவில் எழுத்தில் வந்த அறிவிப்பு: அடுத்த தயாரிப்பு, "கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு." அந்த எழுத்துக்கு விழுந்த விசில், சண்டைக் காட்சிக்குக்கூட விழவில்லை என்று மாமா சொல்லுவார். அவர் படத்தைப் பதினொரு தடவை பார்த்தார். அதில் கடைசி மூன்று தடவை அந்த எழுத்துக்காகவே!

அன்றிரவே காவிரியில் பகவத் படித்துறையில் உட்கார்ந்து இரண்டாம் பாகத்தை ஆரம்பித்துவிட்டார்கள். நான்கு பேர் கோஷ்டி. அதில் முக்கியஸ்தர் மாமாவின் சிநேகிதரான ஒரு தையற்காரர். பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றைக் கொண்டுவந்து மொம்பாசா எங்கே, சான்ஸிபார் எங்கே என்று தெரு விளக்கில் பார்த்தார்களாம். கதாநாயகி மஞ்சுளாவா, லதாவா? வில்லன் அசோகனா, மனோகரா, நம்பியாரா? பத்திரிகை படிக்கிற ஒருவர், "உகாண்டாவிலே இடி அமீன் போன ஆகஸ்ட்டுலே நம்மவங்களைத் தொண்ணூறு நாளிலே வெளியேறச் சொல்லிட்டான். இந்த நேரத்திலே எப்படிப் படம் பிடிப்பாங்க?" என்று ஆட்சேபித்தாராம். மாமா சளைக்கவில்லை. "அமீனை அடக்கத்தானேய்யா ராஜு போறாரு!"

ஆனால் பெரிய சண்டை வேறு. தலைப்பில் ராஜு மட்டும்தானே இருக்கிறான், முருகன் என்ன ஆனான்? "ஒரே டிக்கெட்டிலே ரெண்டு வாத்தியார். அதிலே ஒருத்தரை எதுக்கு விடறது?" என்பது தையற்காரர் கட்சி. "முருகன் ஊரிலே ஆராய்ச்சி பண்ணட்டும். அடிதடிக்கு அவர் எதுக்கு?" என்பது மாமா கட்சி. இந்த வழக்கு ஐம்பது வருஷம் நடந்தது. ஹைகோர்ட்டில்கூட இவ்வளவு நாள் இழுக்கமாட்டார்கள்.

படம் ஏன் வரவில்லை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். "உலகம் சுற்றும் வாலிபன்" வெளியான ஒன்பதாம் நாள், மே 20-ஆம் தேதி, திண்டுக்கல் இடைத் தேர்தல். புதுக் கட்சியின் மாயத்தேவர் ஜெயித்தார். ரசிகர்களில் பெரும்பாலோர் அடுத்த பாகத்தை அங்கேயே பார்த்துவிட்டார்கள். வெள்ளித்திரையில் அடங்காத கதாநாயகன் தெருவுக்கு இறங்கிவிட்ட பிறகு, ஆப்பிரிக்காவுக்குப் போய் யாரை அடிப்பது? அப்புறமும் அவர் படங்கள் வந்தன: "உரிமைக்குரல்", "இதயக்கனி", "மீனவ நண்பன்." ஒவ்வொன்றின் முடிவிலும் மாமா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். 1977 ஜூன் 30-ஆம் தேதி எம்.ஜி.ஆர். முதல் மந்திரியானார். அன்று தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தவர்களில் மாமாவும் ஒருவர். இரவு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாராம். பாட்டி விசாரித்ததற்கு, "இனிமே ராஜு ஆப்பிரிக்கா போகமாட்டாரும்மா" என்றாராம். பாட்டிக்கு ராஜு யாரென்று தெரியாது. "போகாட்டா போறான், நீ எழுந்து சாப்பிடு" என்றிருக்கிறாள்.

வராத படங்களில் எம்.ஜி.ஆருக்கு இது முதலாவதும் அல்ல. 1958-லேயே "பொன்னியின் செல்வன்" கதையின் உரிமையை வாங்கி வைத்திருந்தார், எடுக்க முடியவில்லை. எங்கள் ஊரைப் பொறுத்தமட்டில் அது இன்னும் பெரிய நஷ்டம். குடந்தை சோதிடரும், பக்கத்துப் பழையாறையும் வருகிற கதை ஆயிற்றே! அந்த நாவலே "அப்புறம்?" என்ற கேள்வியில் அகப்பட்டுக்கொண்ட நாவல்தான். 1950 முதல் 1954 வரை வாராவாரம் படித்த வாசகர்கள், கதை சட்டென்று நின்றுவிட்டதாகக் குறைப்பட்டார்கள். கல்கி அவர்களுக்காக ஒரு முடிவுரை எழுதி, இன்னாருக்குப் பிறகு இன்னது நேர்ந்தது என்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வருஷம் டிசம்பரிலேயே அவர் காலமாகிவிட்டார். பிறகு விக்கிரமன் "நந்திபுரத்து நாயகி" என்று தொடர்ச்சி எழுதினார். சினிமாவாக அது இரண்டு பாகமாய் 2022-லும் 2023-லும் வந்தபோது மாமாவும் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா குதிரையிலே வேற ஆள் போறானே" என்றார்.

2018 ஜனவரியில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி, "கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு"வையே சித்திரப் படமாக எடுக்கப் போவதாக அறிவித்து, சென்னையில் விழா நடத்தினார்கள். ரஜினிகாந்தும் கமல்ஹாசனும் வந்திருந்தார்கள். செய்தியைப் பேப்பரில் பார்த்ததும் தையற்காரர் கேட்ட முதல் கேள்வி, "அதிலே முருகன் இருக்காரா?" மாமாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. "பொம்மையா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். எனக்கு அப்போதுதான் ஒரு விஷயம் புரிந்தது. வேறு யாராவது எடுத்துவிடுவார்களோ என்று மாமா உள்ளூரப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

என் சுயநலத்தைச் சொல்லுகிறேன் என்றேன் அல்லவா? சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய நாவலின் முடிவில் கதாநாயகி வீட்டை விட்டு வெளியேறி, கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறுகிறாள். அத்தோடு முற்றும் போட்டுவிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல்தான் முற்றும் போட்டேன் என்பது எனக்கும் என் பேனாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அது கொஞ்சம் விலை போய்விட்டது. இப்போது பதிப்பகத்தார் இரண்டாம் பாகம் கேட்கிறார்கள். முன்பணமும் தருவதாகச் சொல்லுகிறார்கள். பெண்ணைக் காலேஜில் சேர்க்க வேண்டிய வருஷம் இது. மறுக்கிற நிலையில் நான் இல்லை. ஆனால் இதற்கிடையில், மன்னார்குடியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். அவள் தஞ்சாவூர் வரை போகவே இல்லையாம், பாபநாசத்தில் இறங்கிவிட்டாளாம். அங்கே அவளுக்கு ஓர் அக்கா இருக்கிறாளாம். நான் எழுதாத அக்கா! நான்கு பக்கக் கடிதத்தில் அக்காவின் வீட்டுத் திண்ணைகூட வருகிறது. நான் எதை எழுதினாலும் அந்த அம்மாள் அந்தத் திண்ணையை இடிக்க வேண்டியிருக்கும்.

இதைப் பற்றி யோசனை கேட்கலாம் என்று போன வாரம் மாமாவைத் தேடிப் போனேன். படித்துறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. நான் கடிதத்தைப் பற்றிச் சொன்னதை முழுவதும் கேட்டார். பதில் சொல்லாமல், தம் கதையை ஆரம்பித்தார். ராஜு பம்பாயில் கப்பல் ஏறுகிறான். பக்கத்தில் முருகனும் ஏறுகிறான்.

"என்ன மாமா, முருகன் வேண்டாம்னுதானே ஐம்பது வருஷமா சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

மாமா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெய்லர் போன மாசம் போயிட்டானே. அவன் பக்கத்தை இனிமே யாரு பேசறது?" என்றார். பிறகு, "நீ கேளு. கப்பல்லே ரெண்டு டிக்கெட்டு வாங்கியாச்சு" என்று கதையைத் தொடர்ந்தார்.