உயரம் தந்த அழுத்தம்

ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங் வட்டாரத்தில் வெள்ளீயம் எடுத்த வரலாறு, நீரின் அழுத்தத்தை ஆண்ட வரலாறும் ஆகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியச் சுரங்கக் கம்பெனிகள் அங்கே மலை ஓடைகளை உயரத்திலேயே மறித்து, இரும்புக் குழாய்களில் கீழே இறக்கின. குழாய் முனையில் பீறிட்ட நீர் மண்மேட்டையே கரைத்து வீழ்த்தியது. அந்தச் சேற்றைப் ‘பாலோங்’ என்னும் நீண்ட மரக்கால்வாயில் ஓடவிட்டபோது, கனமான ஈயமணல் அடியில் தங்கியது.

பம்பு இல்லாமல் இந்த வேகம் எப்படி வந்தது? நீர்மட்டம் 10 மீட்டர் உயர்ந்தால், அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 1 கிலோ எடைக்குரிய அழுத்தம் கூடும். ஓடும் நீரில் குழாய்ச் சுவரின் உராய்வும் இணைப்புகளின் கசிவும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆகவே அகலமான குழாயும் இறுக்கமான இணைப்பும் வேண்டும்.

இதே விதிதான் ரப்பர்த் தோட்டத்து லயங்களிலும். மேட்டுத் தொட்டியில் நீர்மட்டம் இறங்கினாலோ, வழியில் குழாய் ஒழுகினாலோ, கடைசி லயத்தில் நீர் சொட்டும். வாளிகளின் வரிசை நீளும். பால் வெட்டிக் களைத்து வந்தவர்கள் அங்கே காத்து நிற்பார்கள்.

தொழிலாளர் வீடுகளுக்குப் போதிய குழாய்நீரைத் தோட்ட நிர்வாகம் இலவசமாகத் தரவேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் விதித்தது. அந்தப் ‘போதிய’ என்ற சொல்லைக் கடைசி வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்தே அளக்கவேண்டும் என்போம்.