காப்புறுதி அட்டையும் மருத்துவர் வாயிலும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என வள்ளுவர் வகுத்த நான்கு கூறுகளையும் மாணவர்க்கு விளக்கத் தவறுவதில்லை. இக்காலத்தில் அந்நான்கோடு ஐந்தாவதாக ஒன்றும் வந்து சேர்ந்துள்ளது. மருத்துவர்க்குரிய ஊதியத்தைக் கொடுப்பவர் யார் என்பதே அது. கொடுப்பது பொதுக் காப்புறுதி என்றால், உடனே மற்றொரு கேள்வி எழுகிறது. அக்காப்புறுதியை ஏற்று நோயாளியைப் பார்க்க எந்த மருத்துவர் இசைவார்? நாடு தழுவிய கட்டாய மருத்துவக் காப்புறுதியை முதலில் சட்டமாக்கிய நாடு ஜெர்மனி. ஆகவே இக்கேள்வியை முழு அளவில் முதலில் சந்தித்ததும் அந்நாடே. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

ஜெர்மானிய நகரங்களில் மருத்துவர்களின் வாயிற் பெயர்ப்பலகைகளில் பெயர், துறை, பார்வை நேரம் ஆகியவற்றோடு 'எல்லா நிதிகளும்' என்று பொருள்படும் இரு சொற்கள் எழுதப்பட்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம். எந்தப் பொது நோயுதவி நிதியில் உறுப்பினராக இருப்பவரும் உள்ளே வரலாம் என்பது அதன் கருத்து. வேறு சில பலகைகளில் 'தனியார் மட்டும்' என்றிருக்கும். முன்னைய இரு சொற்கள் எளிதில் எழுதப்பட்டவை அல்ல.

1882ஆம் ஆண்டில் வீஸ்பாடன் நகரில் உள்ளுறுப்பு மருத்துவத்திற்கான முதல் மாநாடு கூடிற்று. கத்தி எடுக்காமல், இதயம், நுரையீரல், குடல், சிறுநீரகம் முதலியவற்றின் நோய்களை ஆராய்ந்து மருந்தால் தீர்க்கும் துறை அது. அடுத்த ஆண்டே, 1883 ஜூன் 15ஆம் நாள், பிஸ்மார்க்கின் ஆட்சியில் தொழிலாளர் நோய்க் காப்புறுதிச் சட்டம் பிறந்தது. பொதுவுடைமையாளர் பக்கம் சாயும் தொழிலாளரை அரசின்பால் ஈர்ப்பது பிஸ்மார்க்கின் நோக்கங்களுள் ஒன்று. சந்தாவில் மூன்றில் இரு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் செலுத்தினர். நோயுற்றவர்க்கு இலவச மருத்துவமும் மருந்தும், 13 வாரம் வரை உதவிப் பணமும் கிடைத்தன. இவ்வாறு ஒரு புறம் மருத்துவ அறிவு தனித்துறையாக வளர்ந்தது. மறு புறம் அவ்வறிவை ஏழைத் தொழிலாளிக்கும் எட்டச் செய்யும் வழி திறந்தது.

ஆனால் நிதிகள் தாம் விரும்பிய மருத்துவர்களோடு மட்டும் தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொண்டன. நிதி அமர்த்திய மருத்துவரிடமே உறுப்பினர் செல்ல வேண்டும். தோட்ட நிருவாகம் அமர்த்திய மருத்துவரையும் டிரசரையும் விட்டால் வேறு கதியின்றி இருந்த நம் முன்னோரின் நிலையை இது நினைவூட்டவில்லையா? ஒப்பந்தம் கிடைத்த மருத்துவர்க்கோ ஊதியம் குறைவு. கிடைக்காதவர்க்கோ நோயாளிகளே இல்லை.

1900இல் லைப்சிக் நகர மருத்துவர் ஹெர்மன் ஹார்ட்மன் தம் தொழிலினரின் நலங்காக்கச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். தொழிலாளரிடம் கற்ற பாடத்தை மருத்துவரும் கையாண்டனர். 1904இல் அந்நகரில் வேலைநிறுத்தம் நடந்தது. வெளியூர் மருத்துவரை வரவழைத்துப் பார்த்தும், இறுதியில் நிதி இணங்க நேர்ந்தது. 1914 தொடக்கத்தில் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் மூளும் என்ற அச்சம் எழுந்தபோது, 1913 டிசம்பர் 23ஆம் நாள் பெர்லின் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1350 உறுப்பினர்க்கு ஒரு மருத்துவரேனும் இருத்தல் வேண்டும். மருத்துவரை ஏற்பதை இரு தரப்பாரும் கூடிய குழு முடிவு செய்யும் என்பன அதன் அடிப்படை. நிதியின் விருப்பத்திற்குட்பட்டிருந்த தேர்வு பொது விதிக்குட்பட்டது.

அதன் பின்னரும் பூசல் ஓயவில்லை. 1923, 1924ஆம் ஆண்டுகளில் மருத்துவர்கள் ஒத்துழைக்க மறுத்தபோது, பெர்லின் நிதிகள் சொந்த மருத்துவ நிலையங்களைத் திறந்தன. 1931 டிசம்பரில் வந்த அவசர ஆணை, காப்புறுதி மருத்துவர் கழகங்களை அமைத்தது. நிதி கழகத்திற்கு மொத்தமாகப் பணம் கொடுக்கும். கழகம் அதனை மருத்துவர்க்குப் பகிர்ந்தளிக்கும்.

இனி வருவது இவ்வரலாற்றின் இருண்ட பகுதி. 1933 ஏப்ரல் 22ஆம் நாள் நாஜி அரசு பிறப்பித்த ஆணை, யூத மருத்துவர்களையும் பொதுவுடைமைச் செயலில் ஈடுபட்டோர் என்று கருதப்பட்டவர்களையும் நிதிகளின் பட்டியலிலிருந்து நீக்கிற்று. முதல் உலகப் போரில் முன்னணியில் நின்றவர் முதலிய சிலர்க்கே விலக்கு இருந்தது. 1938 செப்டம்பர் இறுதியில் யூத மருத்துவரின் தொழில் உரிமமே பறிபோனது. நேற்றுவரை தன் நாடி பிடித்துப் பார்த்த மருத்துவரிடம் நோயாளி இன்று சென்றால் நிதி பணம் தராது. மருந்திலும் குறையில்லை, மருத்துவர் அறிவிலும் குறையில்லை. பட்டியலில் ஒரு பெயர் அடிக்கப்பட்டது, அவ்வளவே. ஏழைக்கு மருத்துவரைத் தேடித் தந்த பட்டியலே, தீயவர் கைப்பட்டபோது மருத்துவரை வாழ்விழக்கச் செய்யும் கருவியும் ஆயிற்று.

போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் 1955ஆம் ஆண்டுச் சட்டம், உறுப்பினர்க்கு மருத்துவம் தடையின்றிக் கிடைக்கச் செய்யும் கடமையைக் கழகங்களிடம் ஒப்படைத்தது. 500 உறுப்பினர்க்கு ஒரு மருத்துவர் என்னும் அளவுக்குமேல் எவரையும் சேர்க்கலாகாது என்றிருந்த கட்டுப்பாட்டை, 1960 மார்ச் 23ஆம் நாள் அரசமைப்பு நீதிமன்றம் செல்லாதென்றது. தகுதியுள்ள ஒருவர் தாம் தேர்ந்த தொழிலைச் செய்யும் உரிமையை அது பறிக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். 'எல்லா நிதிகளும்' என்னும் சொற்களுக்கு அத்தீர்ப்பு புது வலிமை தந்தது. எனினும் மருத்துவர் மிகுந்துள்ள வட்டாரங்களில் புதியவரைச் சேர்ப்பதற்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் வரம்பு கட்டிற்று.

இன்று ஜெர்மனியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பொது நிதிகளின் உறுப்பினர். ஆயினும் தனியார் காப்புறுதி உடையவர்க்குத் துறை மருத்துவரிடம் விரைவில் நாள் கிடைக்கிறது, பொது நிதியினர் காத்திருக்க வேண்டியுள்ளது என்னும் குறை நீங்கவில்லை. அதனைத் தீர்க்க 2016 முதல் நாள் ஒதுக்கும் சேவை நிலையங்கள் இயங்குகின்றன. பரிந்துரைக் கடிதம் உடையவர்க்கு நான்கு வாரத்திற்குள் துறை மருத்துவரைக் காண வழி செய்வது அவற்றின் கடமை. வாயில் திறந்திருந்தால் மட்டும் போதாது, காலத்தில் திறக்கவும் வேண்டும் என்பதை அந்நாடு தாமதமாகவே சட்டத்தில் எழுதிற்று.

ஜெர்மானியத் திட்டத்தை 1908இல் நேரில் கண்டுவந்த லாய்ட் ஜார்ஜ், 1911இல் பிரிட்டனில் தேசியக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அங்கே காப்புறுதி நோயாளிகளை ஏற்க இசைந்த மருத்துவரின் பட்டியல் 'பேனல்' எனப்பட்டது. உறுப்பினர் அதிலிருந்து தம் மருத்துவரைத் தேர்ந்துகொண்டனர். அச்சொல் நம் நாட்டிலும் இன்று வழங்குகிறது. சொக்சோவும் நிறுவனங்களும் தொழிலாளரை 'பேனல் கிளினிக்' என்னும் இடத்திற்கே அனுப்புகின்றன. அதனால் நம் மாணவரின் பெற்றோர்க்கும் இவ்வரலாறு அயலன்று.

காப்புறுதி அட்டை ஒரு வாக்குறுதி. அதனை மெய்யாக்குவது மருத்துவர் பட்டியல். ஆதலின் நோயுறுவதற்கு முன்பே அப்பட்டியலைக் கேட்டு அறிந்துகொள்ளுமாறு பெற்றோர்க்கு நாம் எடுத்துரைக்கலாம். அதில் யார் பெயர் உள்ளது, யார் பெயர் விடுபட்டது, எழுதவும் அடிக்கவும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்று கேட்கும் பழக்கத்தையும் இளையோர்க்கு ஊட்டுவோமாக.