தாளில் பிழைத்த ஆணிகள்

எர்த்திங் வேலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது ஒரு கப்பலின் கதை. எச்.எம்.எஸ். அலாரம் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அடிப்பகுதிக்கு 1761-ல் செம்புத் தகடு அடித்தார்கள். மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவைத் தடுப்பதுதான் நோக்கம். மின்சாரத்தை அப்போது யாரும் நினைக்கவில்லை. மேற்கிந்தியக் கடலில் ஓடிய பிறகு சோதித்துப் பார்த்தார்கள். செம்பு நன்றாக இருந்தது. தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகளில் பல அரித்துப் போயிருந்தன. ஆனால் சில ஆணிகளுக்கு ஒரு குறையும் இல்லை. தகடு சுற்றி வந்த பழுப்புத் தாளை உரிக்காமலே அந்த இடங்களில் ஆணி அடித்திருந்தார்கள். தாள் குறுக்கே நின்றதால் இரும்பு தப்பியது!

வோல்ட்டா மின்கலம் செய்தது 1800-ல். அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டு முன்பே, செம்பும் இரும்பும் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் இரும்புதான் சாகும் என்பதை இந்த ஆணிகள் காட்டிவிட்டன. 1780-களில் கடற்படை செம்புக் கலவை போல்ட்டுகளுக்கு மாறியது.

செம்பு இரும்பைவிட ஆறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அந்தக் கணக்கை மட்டும் நம்பிச் செம்புப் பட்டையை ஜி.ஐ. பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், நேராக முடுக்கி, உப்பும் கரியும் கொட்டிய ஈரமான எர்த் குழியில் மூடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். முதலில் துத்தநாகப் பூச்சு போகும், பிறகு இரும்பு. தோண்டினால்தான் தெரியும்.

ஸ்னோ ஹாரிஸ் மீது எனக்கு மரியாதை அதனால்தான். பிளிமத் ஊர் மருத்துவர் அவர். அக்காலத்தில் மின்னலுக்கென்று கப்பலில் ஒரு செம்புச் சங்கிலி இருந்தது. புயல் வரும்போதுதான் எடுத்து மாட்டுவார்கள், பல நேரம் பெட்டியிலேயே கிடக்கும். பாய்மரத்திலேயே செம்புத் தகட்டை நிரந்தரமாகப் பதிக்கலாம் என்று 1820-ல் ஹாரிஸ் சொன்னார். இரண்டு அடுக்குத் தகடு. ஒன்றின் இணைப்பு மற்றதன் நடுவில் வரும், ஆகவே பாய்மரம் வளைந்தாலும் தொடர்பு அறாது. கீழே செம்பு போல்ட்டுகள் வழியாக அடித்தகட்டைத் தொட்டு மின்னல் கடலில் இறங்கும். புழுவுக்காகப் போர்த்திய செம்பே எர்த் தகடாகிவிட்டது. உச்சியிலிருந்து கடல்நீர் வரை குறுக்கே இரும்பு கிடையாது. டார்வின் போன பீகிள் கப்பலிலும் இந்த அமைப்பு இருந்தது. தகடு மின்னலைக் கூப்பிட்டு வரும் என்று பயந்தவர்களோடு வாதாடியே ஹாரிஸுக்கு ஆண்டுகள் கழிந்தன. கடற்படை இதை முழுதாக ஏற்றது 1842-ல்தான்.