கிளவுட் ரெண்டரிங்: சேவையைத் தேர்ந்தெடுக்கும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஜார்ஜ்டவுன் – திரையில் பத்து விநாடி மட்டுமே ஓடும் ஒரு காட்சி. கடல் பொங்கி எழுந்து ஊரை விழுங்குகிறது. விநாடிக்கு 24 படச்சட்டங்கள் என்றால் அந்தக் காட்சிக்கு 240 படச்சட்டங்கள் வேண்டும். ஒரு படச்சட்டத்தை உருவாக்க ஒரு கணினிக்கு அரை மணி நேரம் பிடித்தால் மொத்தம் 120 மணி நேரம், அதாவது இரவு பகலாக ஐந்து நாள். வாடிக்கையாளரோ நாளை மறுநாளே வேண்டும் என்கிறார்.

ஒன்றிரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு காட்சி விளைவு எனப்படும் வி.எஃப்.எக்ஸ் தொழிலில் இறங்கும் இளைஞர்கள் பலர் சந்திக்கும் சிக்கல் இது. இதற்குத் தீர்வாக வந்ததே கிளவுட் ரெண்டரிங். முப்பரிமாண மாதிரி, ஒளி, நிழல் ஆகியவற்றைக் கணக்கிட்டு இறுதிப் படமாக மாற்றும் வேலைதான் ரெண்டரிங். அந்த வேலையை இணையம் வழியாக வேறோர் இடத்தில் உள்ள நூற்றுக்கணக்கான கணினிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது கிளவுட் ரெண்டரிங்.

மேற்சொன்ன 240 படச்சட்டங்களை 100 கணினிகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் மூன்று வரும். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். கட்டணம் மணிக்கணக்கில் என்பதால், ஒரு கணினி 120 மணி நேரம் உழைத்தாலும் நூறு கணினிகள் பகிர்ந்து உழைத்தாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். கிளவுட்டின் கவர்ச்சியே இதில்தான் இருக்கிறது.

மூன்று வகைச் சேவைகள்

முதல் வகை, முழுப் பொறுப்பையும் ஏற்கும் ரெண்டர் பண்ணைகள். ஜெர்மனியின் ரீபஸ்ஃபார்ம், சீனாவின் ஃபாக்ஸ் ரெண்டர்ஃபார்ம், கராஜ்ஃபார்ம் போன்றவை இவ்வகை. கோப்பை அனுப்பினால் படம் திரும்பி வரும். தொழில்நுட்பப் பராமரிப்பு அவர்களுடையது. புதிதாகத் தொடங்குவோருக்கு இதுவே எளிது.

இரண்டாவது வகையில் சக்திவாய்ந்த கணினி ஒன்று வாடகைக்குக் கிடைக்கும். வியட்னாமின் ஐரெண்டர் இதற்கு எடுத்துக்காட்டு. மென்பொருளை நாமே நிறுவிக்கொள்ளலாம். ஆனால் வேலை முடிந்ததும் கணினியை அணைக்க மறந்தால் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, பெரிய கிளவுட் நிறுவனங்களின் தளத்தில் நமக்கான பண்ணையை நாமே அமைத்துக்கொள்வது. அமேசான் 2024இல் அறிமுகப்படுத்திய டெட்லைன் கிளவுட் இவ்வகை. அதே ஆண்டு ஆகஸ்டில் அமேசான் மலேசியாவில் தன் தரவு மையத் தொகுதியையும் திறந்தது. ஆயினும் எல்லா வகைக் கணினிகளும் எல்லா வட்டாரத்திலும் கிடைப்பதில்லை என்பதால், தேவையானது உள்நாட்டில் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை

மென்பொருள்: பிளெண்டர், மாயா, ஹூடினி என நாம் பயன்படுத்தும் மென்பொருளின் அதே பதிப்பு அங்கே இருக்க வேண்டும். துணைச் செருகுநிரல்களுக்கும் இது பொருந்தும். பதிப்பு மாறினால் நிழலும் நிறமும்கூட மாறக்கூடும். ஆர்னல்ட், வி-ரே போன்ற ரெண்டரர்களுக்கு உரிமம் தேவை. அது கட்டணத்தில் அடங்குமா, தனியாகவா என்று கேட்டறிய வேண்டும். பிளெண்டரின் சைக்கிள்ஸுக்கு அந்தச் செலவு இல்லை.

சி.பி.யு.வா, ஜி.பி.யு.வா: ஜி.பி.யு. வேகமானது. ஆனால் அதன் நினைவகம் குறைவு. 24 ஜி.பி. நினைவகத்துக்குள் அடங்காத கனமான காட்சி பாதியில் நின்றுவிடலாம், அல்லது வேகம் வெகுவாகக் குறைந்துவிடலாம். புகை, வெள்ளம், காடு போன்ற பெரிய காட்சிகளுக்குச் சி.பி.யு. மெதுவானாலும் நம்பகமானது.

இணைய வேகம்: பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். வீட்டு இணையத் திட்டங்களில் பதிவேற்ற வேகம் பெரும்பாலும் பதிவிறக்க வேகத்தைவிடக் குறைவு. 50 ஜி.பி. கோப்பை 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் அனுப்பச் சுமார் ஒரு மணி ஏழு நிமிடம் ஆகும். 10 எம்.பி.பி.எஸ். என்றால் 11 மணி நேரத்துக்கு மேல். ரெண்டரிங் ஒன்றரை மணியில் முடிந்து என்ன பயன்?

பாதுகாப்பு: வெளிவராத படத்தின் காட்சி கசிந்தால் தொழிலே போய்விடும். கோப்புகள் எந்த நாட்டில் வைக்கப்படும், எத்தனை நாளில் அழிக்கப்படும், டி.பி.என். எனப்படும் ஹாலிவுட் பாதுகாப்பு மதிப்பீட்டைப் பெற்ற நிறுவனமா என்பவற்றை விசாரிக்க வேண்டும். ஷீப்பிட் என்ற இலவசச் சேவை பிளெண்டர் பயில்வோருக்கு அருமையான வாய்ப்பு. ஆனால் அதில் நம் கோப்பு முன்பின் தெரியாதவர்களின் கணினிகளுக்குப் போகும் என்பதால் வாடிக்கையாளர் வேலைக்கு அது ஏற்றதல்ல.

நிலைத்தன்மை: கூகுள் 2014இல் வாங்கிய ஸிங்க் என்ற ரெண்டரிங் சேவை பின்னர் மூடப்பட்டது. எனவே ஒரே சேவையை நம்பியிராமல் மாற்று ஒன்றையும் சோதித்து வைத்திருப்பது நல்லது.

செலவுக் கணக்கு

ஒரு கணினிக்கு மணிக்கு 4 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 120 மணி நேரத்துக்கு 480 ரிங்கிட். இயக்குநர் இருமுறை திருத்தம் கேட்டு மீண்டும் முழுமையாக ரெண்டர் செய்தால் 1,440 ரிங்கிட். பதிவு பெற்ற வெளிநாட்டு நிறுவனங்கள் மின்னியல் சேவைக்கு விதிக்கும் 8 விழுக்காட்டு வரியைச் சேர்த்தால் 1,555 ரிங்கிட்டைத் தாண்டும். பல நிறுவனங்கள் அமெரிக்க டாலரில் கட்டணம் வாங்குவதால் நாணய மாற்றும் கணக்கில் வரும். சில தளங்களில் பதிவிறக்கத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு.

செலவைக் குறைக்க ‘ஸ்பாட்’ எனப்படும் மலிவு விலைக் கணினிகளைப் பயன்படுத்தலாம். அமேசானில் இவை வழக்கமான விலையைவிட 90 விழுக்காடு வரை மலிவாகக் கிடைக்கும். ஆனால் இரண்டு நிமிட முன்னறிவிப்பில் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். படச்சட்டம் ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் இழப்பு சிறிது, ஐந்து மணி நேரம் என்றால் பெரிது.

ஆகவே முழு வேலையையும் அனுப்பும் முன் காட்சியின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய இடங்களிலிருந்து சில படச்சட்டங்களை மட்டும் அனுப்பிச் சோதிக்க வேண்டும். கனமான படச்சட்டம் ஒன்றும் அதில் இருக்கட்டும். அவற்றின் சராசரிச் செலவை 240ஆல் பெருக்கினால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். அதே படச்சட்டங்களை இரண்டு மூன்று சேவைகளுக்கு அனுப்பி ஒப்பிட்டால் இன்னும் தெளிவு பிறக்கும்.

திருத்தத்துக்கு யார் பணம் தருவது?

புதுச்சேரியில் தொடங்கும் கதையான ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், மலேசியாவிலும் கிளை வைத்திருந்தது. 2013 பிப்ரவரியில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. அதே மாதம் அந்தப் படம் சிறந்த காட்சி விளைவுக்கான ஆஸ்கார் விருதை வென்றது. ஒரே தொகைக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, முடிவில்லாத திருத்தங்களின் செலவைத் தானே சுமக்கும் நிலை இத்துறையின் நெடுநாள் நோய் என்பதை உலகம் அப்போது உணர்ந்தது.

கிளவுட் வந்த பின் அந்த நோய் இன்னும் வேகமாகப் பரவலாம். பொத்தானை அழுத்தினால் நூறு கணினிகள் ஓடும், அவற்றோடு கட்டணமும் ஓடும். எனவே எத்தனை திருத்தங்கள் விலைக்குள் அடங்கும், அதற்கு மேல் ரெண்டரிங் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். சேவைக் கணக்கில் செலவு வரம்பையும் எச்சரிக்கையையும் அமைத்துவிட வேண்டும்.

ஆண்டு முழுவதும் இடைவிடாத வேலை இருப்பவர்களுக்குச் சொந்தக் கணினி வாங்குவதே சிக்கனமாகலாம். வேலை விட்டு விட்டு வருபவர்களுக்கும், கெடு நெருங்கும் வேளையில் மட்டும் கூடுதல் வேகம் தேவைப்படுபவர்களுக்கும் கிளவுட் கைகொடுக்கும்.